ஆடாத கம்பியும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும்

போன வெள்ளிக்கிழமை காலை. கிணற்றடியில் நின்று பல் தீட்டிக்கொண்டிருக்கிறேன். கதியால் வேலிக்கு மேலாகப் பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணையின் தலை எழுந்தது.

"தம்பி, மிசின் ஏதும் தேவையெண்டால் கேளும். வெக்கப்படாதையும்."

"ஓம் அண்ணை. பெரிய உபகாரம்."

"ஒண்டை மட்டும் முதலே சொல்லிப்போடும். தோட்டத்துக்கோ, லேத்துக்கோ?"

தலை மறைந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு மட்டும் நின்றது. ஒரு குரல் அண்ணையுடையது. இன்னொன்று அவர் மனைவியுடையது. மூன்றாவது குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை... அதாவது, கதை அவர்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் வரைக்கும் போய்விட்டது!

எங்கள் ஊர் இணுவிலுக்குத் தெரிந்துவிட்டது. கோப்பாய்க்கு முதலிலேயே தெரியும். இடையில் இருக்கும் ஊர்களுக்குச் சந்தை நாளில் தெரிந்துவிடும். ஆகவே மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுவது நல்லது. சொந்தக் கையால் எழுதினால் கொஞ்சம் மரியாதையோடு எழுதிக்கொள்ளலாம் அல்லவா?

இந்தப் பத்திரிகையில் என் பத்தியை ஒழுங்காக வாசிப்பவர்களுக்கு என் லேத்தைத் தெரியும். தெரியாதவர்களுக்காக: எங்கள் வீட்டுக் கராஜில் கார் இல்லை. இரும்பு கடையும் சிறிய லேத் ஒன்று இருக்கிறது. ஒரு பழைய பட்டறை மூடப்பட்டபோது வாங்கியது. தொழிற்சாலை ஒன்றில் உதிரிப் பாகங்களின் அளவு சரியா பிழையா என்று பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒன்று கூடினாலும் 'கூடாது' என்று சிவப்பு மையால் கோடு போடுவதே உத்தியோகம். உத்தியோகம் போய்விட்டது. சிவப்பு மை மட்டும் உடம்பை விட்டுப் போகவில்லை.

பாணை வெட்டினால் துண்டுகள் ஒரே தடிப்பில் இருக்க வேண்டும். செருப்புகள் வாசலில் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகக் கிடக்க வேண்டும். என் மனைவி கமலம் தோசை வார்க்கும்போது நான் குசினிப் பக்கம் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போனால் வட்டத்தைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவேன்.

சரி, கதைக்கு வருவோம்.

கமலத்தின் தம்பி சிவம் கோப்பாயில் தோட்டம் செய்கிறார். வெங்காயம். சென்ற மாதம் ஒரு காலைப் பொழுதில் சைக்கிளில் வந்து இறங்கினார். முகம் சரியில்லை. சைக்கிளின் பின்னால், சாக்கில் சுற்றிக் கட்டியபடி, தண்ணீர் இறைக்கும் மிசின்.

"அத்தான், மிசின் செத்துப்போச்சு."

கராஜ் நிலத்தில் சாக்கை விரித்து, இருவருமாக இறக்கி வைத்துப் பார்த்தோம். எஞ்சினின் தலையை இறுக்கிப் பிடிக்கும் ஆணிகளில் ஒன்று முறிந்திருந்தது. மேல் துண்டு கையோடு வந்துவிட்டது. கீழ்த் துண்டு துவாரத்தின் அடியில், நாலு விரல் ஆழத்தில், கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரிக் கிடந்தது. ஒரு ஆணி இல்லாவிட்டால் தலை இறுகாது. தலை இறுகாவிட்டால் எஞ்சின் மூச்சு விடாது.

"எப்ப இறைக்க வேணும்?"

"நேற்றே இறைச்சிருக்க வேணும்."

"ஆரிட்டையும் மிசின் இரவலாய் மாறேலாதோ?"

"இந்த வெயிலுக்கு ஆர் அத்தான் தருவினம்? எல்லாற்றை தோட்டமும் காயுது." சிவம் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "வெங்காயம் இப்பத்தான் அடியிலை முட்டுப் பிடிக்குது. இந்த முறை பிழைச்சால் அடுத்த முறைக்கு நட விதை வெங்காயமும் இல்லை."

அதுதான் விஷயம். வெங்காயம் செய்கிறவனுக்கு இந்தப் போகத்து வெங்காயம்தான் அடுத்த போகத்து விதை. ஒரு போகம் கருகினால் அடுத்த போகமும் கூடவே கருகிவிடும்.

முறிந்த ஆணியை எடுப்பது பெரிய வித்தை இல்லை. அதன் நடுவில் ஒரு சிறு துளை போட வேண்டும். துளைக்குள் நாலு பட்டையாகத் தீட்டிய உருக்குத் துண்டு ஒன்றைத் தட்டி இறக்கி, மெல்லத் திருகினால், ஆணி சுழன்றபடி மேலே வந்துவிடும். ஆனால் துளை போடுவது எப்படி? விரல் போகிற துவாரத்துக்குள் கை ட்ரில்லின் தலை போகாது. ட்ரில்லின் முனையில் பூட்டும் பிட்டோ கட்டை. அடி வரைக்கும் எட்டாது. நீளமான பிட் வேண்டும். அது கொழும்பில் இருக்கும். இந்த யுத்த காலத்தில் கொழும்புக்கும் எங்களுக்கும் இடையில் என்னென்ன இருக்கின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

"பிட்டுக்கு ஒரு வால் வைப்பம்" என்றேன்.

வால் வைப்பது ஒரு அழகான வேலை. பென்சில் தடிப்பில் உருக்குக் கம்பி ஒன்றை எடுத்து லேத்தில் பூட்டிச் சுழற்ற வேண்டும். அதன் முனையில், நடு மையத்தில், அதே பிட்டால் ஒரு துளை போட வேண்டும். பிறகு பிட்டைத் திருப்பி, பின்பக்கமாக அந்தத் துளைக்குள் செருகி, ஈயம் உருக்கி ஒட்டிவிட வேண்டும். அதாவது, பிட் தன் வீட்டைத் தானே தோண்டிக்கொண்டு, திரும்பி நின்று, உள்ளே போய்க் குடியிருக்கிறது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். கமலத்துக்கு விளங்கப்படுத்தினேன். அவள் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள்.

கம்பிக்குப் பஞ்சமில்லை. பழைய கார் ஒன்றின் பொனற் மூடியைத் தாங்கிய கம்பி என்னிடம் இருந்தது. ஈயம், செத்த றேடியோக்களின் வயிற்றிலிருந்து சொட்டுச் சொட்டாக உருக்கிச் சேர்த்தது. மின்சாரம்தான் இல்லை. அது போய் வருடக் கணக்கு. ஆகவே என் லேத்தைச் சுற்றுவது ஒரு சைக்கிள். பின் சில்லின் ரயரைக் கழற்றிவிட்டு, றிம்மில் இருந்து லேத்துக்கு ஒரு பெல்ற் போட்டிருக்கிறேன். ஒருவர் ஏறி மிதித்தால் லேத் சுற்றும்.

சிவம் ஏறி மிதித்தார். பாவம், கோப்பாயில் இருந்து மிசினையும் சுமந்து மிதித்து வந்த கால்கள்.

"கெதியாய் மிதியும்!"

"மிதிக்கிறன் அத்தான்!"

"இப்ப கொஞ்சம் மெள்ள!"

"ஒரு சொல்லிலை நில்லுங்கோவன்!"

பிட் இரும்பைக் கடிக்கும்போது மிதி இறுகும். லேத் தளரும். அவர் எட்டி உதைப்பார். லேத் துள்ளும். இப்படித் தளர்ந்தும் துள்ளியும் துளை விழுந்தது. பிட்டைச் செருகி, கம்பியைக் குசினிக்குக் கொண்டுபோய், புட்டுப் பானைக்குப் பக்கத்தில் நெருப்புக்குள் வைத்து ஈயத்தை உருக்கி ஒட்டினேன். புட்டில் ஈய மணம் வந்ததாகக் கமலம் சொன்னது மிகைப்படுத்தல்.

ஆறவிட்டு, உருட்டிப் பார்த்தேன். பிட்டின் நுனி ஆடியது. அதிகமில்லை. ஒரு நெல்மணியின் தடிப்பு.

ஒரு நெல்மணி! நான் பார்த்த உத்தியோகத்தில் அந்த அளவுக்கு ஆடும் சாமானைக் கையில் தொடாமல் காலால் தள்ளுவோம்.

"இது சரிவராது" என்றேன்.

சிவம் வியர்வையைத் துடைத்தார். "ஆடினால் ஆடட்டுமன் அத்தான். ஓட்டை விழுந்தால் காணும்தானே?"

"ஆடுற பிட் உள்ளுக்கை முறிஞ்சால்? இருக்கிறது ஒரே ஒரு பிட். அது முறிஞ்சு உள்ளே இருந்தால் உம்முடைய மிசினைத் தூக்கிக் கிணத்துக்கை போட வேண்டியதுதான்."

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும் – நான் சொன்ன காரணம் பிழையில்லை. என் காரணங்கள் ஒருபோதும் பிழைப்பதில்லை. சங்கடமே அதுதான்.

சைக்கிளால் முடியாது, சீராகச் சுற்ற ஒரு எஞ்சின் வேண்டும் என்று முடிவு செய்தேன். எஞ்சினுக்கு எங்கே போவது? யோசித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம், கந்தையா அண்ணையின் மால் கொட்டில் மூலையில், அவருடைய தண்ணீர் மிசின் சாக்கால் மூடிக் கிடந்தது. அவருக்குப் புகையிலை. வெட்டி முடிந்துவிட்டது. மிசினுக்கு ஓய்வு.

வாசகர்களே, தயவுசெய்து இப்போதே சிரிக்க வேண்டாம். நான் இன்னும் முடிக்கவில்லை.

கராஜுக்குத் திரும்பினேன். "சிவம், உம்மட்டை மண்ணெண்ணெய் இருக்கோ?"

"ஒரு போத்தல் இருக்கு. சங்கக் கடைக் கியூவிலை நிண்டு எடுத்தது. மிசின் திருந்தினால் இறைக்க எண்டு வைச்சிருக்கிறன்."

"போய்க் கொண்டு வாரும். கொஞ்சம்தான் முடியும்."

அவர் போனார். நான் வேலியடிக்குப் போனேன்.

"அண்ணை, உங்கடை மிசினை ஒருக்காத் தருவியளோ?"

"கொண்டு போமன். மச்சானுக்கோ? தோட்டத்துக்கோ?"

"இல்லை அண்ணை. லேத்துக்கு."

கந்தையா அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு மிசினைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னைப் பார்த்தார். "சரி... கொண்டு போம்" என்றார். அந்தச் 'சரி'க்குப் பிறகு வந்த இடைவெளியை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். அளவு பார்க்கும் மனிதன்... அந்த இடைவெளியை அளக்கவில்லை.

சிவம் திரும்பி வருவதற்குள் பாதி வேலையை முடித்துவிட்டேன். மிசினின் தண்ணீர் இழுக்கும் பகுதியைக் கழற்றி வைத்தாயிற்று. தண்ணீர் இல்லாமல் ஓடினால் அது கெட்டுவிடும். பிறர் பொருள், கவனமாக இருக்க வேண்டாமா? எஞ்சினை இரண்டு பனஞ்சலாகைகளில் இறுக்கிப் பூட்டி, லேத்துக்கு நேராக நூல் பிடித்து நிறுத்தி, பெல்ற்றையும் போட்டுவிட்டேன். முதல் கம்பியில் ஒட்டியிருந்த பிட்டை நெருப்பில் காட்டிக் கழற்றியும் ஆயிற்று. ஆம் – ஆடினாலும் ஒருவேளை வேலை செய்திருக்கக்கூடிய ஒன்றை என் கையாலேயே பிரித்துவிட்டேன்.

சிவம் துணிப்பையில் போத்தலைக் கட்டி, ஹாண்டிலில் தொங்கவிட்டு, பிறந்த பிள்ளையைக் கொண்டுவருவது மாதிரிக் கொண்டுவந்தார். கராஜ் வாசலில் நின்றார்.

"இது ஆற்றை மிசின் அத்தான்?"

"கந்தையா அண்ணையின்ரை."

"ஓடுமோ?"

"திறமாய் ஓடும்."

"அப்ப..." என்று தொடங்கினார்.

"கதையாதையும். பெல்ற் நழுவுது, வந்து பிடியும்."

அவர் வந்து பிடித்தார். அக்காவின் புருஷன் சொன்னால் தட்டாத நல்ல பிள்ளை. இந்த நல்ல குணத்தால் நாட்டில் எத்தனை காரியங்கள் கெடுகின்றன!

கண்ணுக்கு மருந்து விடும் குப்பியில் இருந்து நாலைந்து சொட்டுப் பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுத்தேன். எஞ்சின் உறுமி எழுந்தது. பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறி, ஒரே சீராக ஓடத் தொடங்கியது. லேத்தும் சுற்றியது. அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வது? துள்ளல் இல்லை, தளர்வு இல்லை. மின்சாரம் இருந்த காலத்துச் சத்தம். புதிய கம்பியைப் பூட்டி, பிட்டை மெல்லத் தள்ளினேன். வெண்ணெய்க்குள் போவது போல் போனது. இரும்புச் சீவல் சுருள் சுருளாக வெளியே வந்தது. துளை முடிந்தது. மைக்ரோமீற்றரைப் பஞ்சுத் துணியில் இருந்து எடுத்து அளந்தேன்.

சரி. மிகச் சரி. சிவப்பு மைக்கு வேலையே இல்லை.

அப்போதுதான் கமலம் தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டுகளும் கொண்டு வந்தாள். எஞ்சின் இரைச்சலுக்கு மேலாகச் சத்தம் போட்டுக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, உது பக்கத்து வீட்டுத் தண்ணி மிசின் எல்லே?"

"ஓம்!"

"நல்லாய் ஓடுது போலை."

"அருமையாய் ஓடுது!"

"எண்ணெய் தம்பியின்ரையோ?"

"ஓம்!"

"அப்ப உந்த மிசினைக் கோப்பாய்க்குக் கொண்டுபோய், உந்த எண்ணெயை விட்டு, வெங்காயத்துக்கு இறைச்சால் என்ன?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லேத் சுற்றிக்கொண்டிருந்தது. நான் மட்டும் நின்றுவிட்டேன்.

சிவத்தைப் பார்த்தேன். அவர் கராஜ் கூரையின் ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் ஏன் சொல்லேல்லை?"

"வாயைத் திறந்தனான். பெல்ற்றைப் பிடி எண்டியள்."

எவ்வளவு எளிய விஷயம்! இறைக்க மிசின் இல்லை. ஒரு மிசினை இரவல் வாங்கினேன். அதை வைத்து லேத்தை ஓட்டி, லேத்தால் ஒரு கம்பியைச் செய்து, கம்பியால் ஒரு துளை போட்டு, துளையால் ஒரு ஆணியை எடுத்து, அந்த ஆணியால் ஒரு மிசினைத் திருத்தி... இறைக்கலாம் என்று இருந்தேன். கையில் இருந்த மிசின் இறைக்கும் மிசின் என்பது மட்டும் என் மூளைக்கு எட்டவில்லை. அது எனக்கு 'எஞ்சின்' ஆகிவிட்டது. அதன் தண்ணீர்ப் பகுதியைக் கழற்றி, துடைத்து, பத்திரமாக மூலையில் வைத்தவனும் நானேதான்!

இந்த இடத்தில் எந்த மனிதனும் எஞ்சினை நிறுத்தியிருப்பான். போத்தலில் அரைவாசிக்கு மேல் இருந்தது. அதைக் கொண்டுபோயிருந்தால் பாதித் தோட்டமாவது அன்று நனைந்திருக்கும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இன்னும் கொஞ்சம்தான் கமலம். ஓட்டை முடிஞ்சுது. வெளிப்பக்கத்தை ஒருக்கா மினுக்கிப்போட்டு நிப்பாட்டுறன்."

"மினுக்குங்கோ" என்றாள். தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கம்பியின் வெளிப்பக்கம் மினுங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இருட்டுத் துவாரத்துக்குள் போய் வரும் சாமான் அது. ஆனால் சீராகச் சுற்றும் லேத்தின் முன்னால் நிற்பவனுக்கு அவசியமா முக்கியம்? இரும்பு மினுக்கும் எமரித் துணியைப் பிடித்தேன். முதலில் கரடு. பிறகு மென்மை. பிறகு எண்ணெய் தொட்டு இன்னொரு முறை. விளிம்பில் ஒரு சிறு சரிவு. மற்ற விளிம்பிலும் ஒரு சிறு சரிவு – ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கமும் இருக்க வேண்டும் அல்லவா? எஞ்சினின் எண்ணெய் ராங்கி காய்கிறபோதெல்லாம் சிவம் போத்தலைச் சரித்தார்.

எஞ்சின் ஒரு முறை இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றுவிட்டது.

சிவம் போத்தலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. மூடியைக் கவனமாகத் திருகிப் பூட்டினார். வெறும் போத்தலுக்கு மூடி எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"அத்தான், கம்பி நல்லாய் மினுங்குது" என்றார்.

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிரவே பிட்டைச் செருகி ஈயத்தால் ஒட்டிவிட்டு, மறுநாள் காலை இருவருமாகக் கோப்பாய்க்குப் போனோம். அவர் சைக்கிளில் மிசின். என் சைக்கிளில் கை ட்ரில்லும், சீலையில் சுற்றிய கம்பியும். வாய்க்கால் ஓரத்தில் சாக்கை விரித்து வேலையைத் தொடங்கினேன். கம்பி துவாரத்தின் சுவரில் எங்கேயும் தொடாமல் இறங்கியது. நுனி ஆணியின் நடுவில் போய் உட்கார்ந்தது. ட்ரில்லைச் சுற்றினேன். ஆட்டமே இல்லை. துளை விழுந்தது. உருக்குத் துண்டைத் தட்டி இறக்கித் திருகினேன். முறிந்த ஆணி, கோபம் தணிந்த குழந்தை மாதிரி, மெல்லச் சுழன்று மேலே வந்தது.

"வந்திட்டுது!" என்று கத்தினேன்.

"ஓம் அத்தான்" என்றார் சிவம். அவர் கண் வெங்காயத்தில் இருந்தது. தாள்களின் நுனி மஞ்சளாகி, தலை குனிந்து நின்றன. வெயில் ஏற ஏற இன்னும் குனிந்தன.

என் பெட்டியில் இருந்து கொண்டுவந்த ஆணி ஒன்றைப் போட்டு, தலையை இறுக்கி, மிசினைக் கிணற்றடியில் வைத்தோம். பழக்கதோஷத்தில் கயிற்றையும் இழுத்தேன். திருத்திய மிசின். அருமையான மிசின். எண்ணெய் மட்டும் இல்லாத மிசின்.

"துலாவிலை இறைப்பம்" என்றார் சிவம்.

அவர் கிணற்றில் துலா இன்னும் இருந்தது. வீட்டுத் தேவைக்கு வைத்திருந்தது. "நான் மிதிக்கிறன்" என்றேன். சிவம் என் கால்களைப் பார்த்தார்.

"வேண்டாம் அத்தான்."

"எண்ணெய் முடிச்சவன் நான். நான் மிதிக்கிறன்."

துலா மரத்தில் ஏறி நின்று, முன்னும் பின்னுமாக நடக்க வேண்டும். முன்னால் போனால் வாளி கிணற்றுக்குள் இறங்கும். பின்னால் வந்தால் மேலே ஏறும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். பார்க்க எளிது. ஆனால் எத்தனை அடி முன்னால் வைப்பது என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் என்னைக் கேளாமல் சாய்ந்துவிட்டது. நான் பின்னால் ஓடினேன். கிணற்றுக்குள் இருந்து வாளி வானத்துக்குப் போனது. தண்ணீர் முழுவதும் சிவத்தின் தலையில்.

"அத்தான்! மெள்ள! வாளி பறக்குது!"

அடுத்த தோட்டத்தில் இறைத்துக்கொண்டிருந்த ஒருவர் தன் மிசினை நிறுத்திவிட்டு வந்து வரம்பில் குந்தினார். மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமையான காலம். இருந்தும் நிறுத்திவிட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிது நேரத்தில் எனக்குப் பதவி இறக்கம் கிடைத்தது. சிவம் தனியாகவே துலாக் கயிற்றைப் பிடித்துக் கையால் தண்ணீர் கோலத் தொடங்கினார். என் கையில் மண்வெட்டி. பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிடும் வேலை. இதிலாவது பேர் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு பாத்திக்கும் சம அளவு தண்ணீர் போக வேண்டாமா? ஒரு குச்சியை நட்டு, நகத்தால் கோடு கீறி, தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வந்ததும் வரம்பை அடைத்தேன்.

கிணற்றடியில் இருந்து ஒரு கதறல்.

"அத்தான்! வரம்பை வெட்டுங்கோ! அளக்காதேங்கோ!"

வெயில் உச்சிக்கு ஏறியது. கிணற்றுப் பக்கத்துப் பாத்திகள் நனைந்துவிட்டன. பனைகளுக்குக் கிட்ட இருந்த கடைசி வரிசைகளுக்கு இன்னும் தண்ணீர் போகவில்லை. சிவத்தின் கை ஓய்ந்துகொண்டு வந்தது. என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

அந்த நேரத்தில் ஒழுங்கையில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. கந்தையா அண்ணை! ஹாண்டிலில் ஒரு போத்தல் தொங்கியது. அன்று காலை நாங்கள் புறப்பட்ட பிறகு கமலம் வேலியடிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் புகையிலைக்கு இறைத்து மிஞ்சிய எண்ணெயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் சைக்கிளை விட்டு இறங்க முடியாமல் சிரித்தார். பனையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"லேத்துக்கு எண்டவுடனை நான் நினைச்சன் தம்பி... உம்மட்டை ஏதோ ஒரு கணக்கு இருக்கும், நான் ஏன் குறுக்கை கதைப்பான் எண்டு பேசாமல் விட்டிட்டன்."

"கணக்கு இருந்தது அண்ணை" என்றேன். "சரியாய்த்தான் இருந்தது."

"அதுதானே பிழை!" என்று மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.

போத்தல் எண்ணெய் மிசினுக்குள் போனது. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கயிற்றைச் சிவம் இழுத்தார். முதல் இழுவையிலேயே எஞ்சின் எழுந்தது. குழாய் வாயில் தண்ணீர் கொட்டியது. சிவம் முகத்தை அதற்குள் நீட்டிக் கழுவினார். நிமிர்ந்தபோது, இரண்டு நாட்களில் முதல் முறையாக, சிரித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வெங்காயம் தப்பியது. எல்லாம் அல்ல. பனை ஓரத்துக் கடைசி வரிசைகள் எழும்பவே இல்லை. முதல் நாள் அந்த அரைப் போத்தல் அங்கே போயிருந்தால் எழும்பியிருக்கும். "அந்த மூலை எப்பவும் உப்பிடித்தான் அத்தான், மண் சரியில்லை" என்றார் சிவம். போன வருடம் அதே மூலையைக் காட்டி, இதுதான் திறமான மண் என்று அவர் என்னிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கும் நினைவிருக்கும்.

இது ஏன் நடந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் வாழ்க்கையில் இப்போது எதுதான் நேராக நடக்கிறது? கார் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. றேடியோ சைக்கிள் டைனமோவில் பாடுகிறது. சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழத்தில் சீலை தோய்க்கிறோம். ஒன்றைச் செய்ய இன்னொன்று, அதைச் செய்ய வேறொன்று... சுற்றி வளைத்துப் போய்ப் போய் அதுவே கெட்டித்தனம் என்று ஆகிவிட்டது. நேர் வழி ஒன்று எப்போதாவது வாசலில் வந்து நின்றால், அதை நமக்கு அடையாளம் தெரிவதில்லை. அதன் தண்ணீர்ப் பகுதியைக் கழற்றி மூலையில் வைத்துவிடுகிறோம்.

'நமக்கு' என்று எழுதிவிட்டேன். கமலம் வாசித்தால் 'உங்களுக்கு' என்று திருத்துவாள். திருத்தட்டும்.

ஆடுகிறது என்று நான் ஒதுக்கிய முதல் கம்பியைச் சிவம் கேட்டு வாங்கிப் போனார். அது இப்போது அவர் சைக்கிள் ஸ்ராண்டுக்கு ஆணி. நன்றாக வேலை செய்கிறதாம்.

மற்றக் கம்பி? பிட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, அதை எண்ணெய்ச் சீலையில் சுற்றிக் கராஜ் மேசை லாச்சியில் வைத்திருந்தேன். இந்த வாரம் கோப்பாயில் இருந்து அறுவடை வெங்காயம் வந்தது, பிடி பிடியாகக் கட்டியபடி. கராஜில் ஏதோ தட்டுப்படும் சத்தம் கேட்டது. பிறகு குசினியில் சுத்தியல் சத்தம். போய்ப் பார்த்தேன். கமலம் கம்பியைச் சுவரில் அடித்து இறக்கி, அதில் வெங்காயப் பிடிகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"உதிலை ஏன் கொழுவினனீ?"

"வேறை என்னத்துக்கு உதவும்?"

இதைத்தான் நானும் ஒரு மாதமாகத் தேடுகிறேன். பதில் கிடைக்கவில்லை.

வெங்காயம் காற்றில் கொஞ்சம் ஆடுகிறது. கம்பி மட்டும் ஆடவே இல்லை.